கருப்பியின் முழுக்கை

இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் கருப்பிக்கு நுரையைப் போடுவேன். நாய் டாக்டரம்மா சொன்ன கணக்கு வேறு. ஷாம்பு போட்ட கையோடு கழுவிவிடாதீர்கள், பத்து நிமிடமாவது தோலில் ஊறட்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஈரக் கையும் ஈர நாயுமாகக் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் கடிகாரத்துக்கு எங்கே போவாள்? இட்லி வெந்த வாசம் கதவிடுக்கில் நுழைந்தால் நுரையும் ஊறிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் தொடங்கிய வைத்தியம், இந்த மாசி வரைக்கும் ஒருமுறை கூடத் தப்பவில்லை. இட்லியும் நன்றாக வந்தது, கருப்பியும் நன்றாக வந்தாள். பொட்டாட்ட நில்லு சாமி, நக்கக் கூடாது, அது மருந்து, வயித்துக்குள்ள போனா வாந்தியெடுப்ப. குழாயில் கட்டியிருக்கிற கயிறு வெறும் பேருக்குத்தான், அவள் நினைத்தால் குழாயையே பிடுங்கிக்கொண்டு போவாள், ஆனால் நான் முக்காலியில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துவிட்டால் கோயில் வாசல் சிற்பம்தான், வாலைத் தவிர ஒன்றும் அசையாது. இன்றைக்கு அந்த வால் கூட அசையவில்லை. என் கையில் இருக்கிற பதற்றம் அவள் முதுகுக்குத் தெரிந்திருக்கும், தோலுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாற்காலிகள் போட்டு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம். கருப்பிக்குச் சொறி தீர்ந்துவிட்டதா இல்லையா என்று செகரெட்டரி அங்குராஜ் பார்ப்பார். தீரவில்லை என்றால் நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிடுவதாகப் போன கூட்டத்திலேயே முடிவு. தீர்ந்துவிட்டது. நான் சொல்கிறேன், தீர்ந்துவிட்டது. என் விரலுக்குத் தெரியாதா?

விரல் என்றால் சும்மா விரலா, இந்தக் குடியிருப்பில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த விரல். வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும், அந்த ஓட்டம் பார்க்காமல் வெட்டினால் ஒரு கை பளபளக்கும், மறு கை மங்கிக் கிடக்கும், துணியும் போச்சு, பெயரும் போச்சு. கருப்பிக்கு முதல் முடி முளைத்தது காதுக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த ஓட்டம் என் விரலில் தட்டுப்பட்டது. தையல் மெஷினை விட்டு எழுந்துபோய் பால்கனி வெளிச்சத்தில் அவள் காதை மடக்கிப் பார்த்துவிட்டு, பார்த்ததை நம்பாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மெல்லிசாக, பிறந்த குழந்தையின் நெற்றியோரத்தில் இருக்குமே அதுமாதிரி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். அப்புறம் கழுத்து, தோள், விலா. அதுவும் வெள்ளை! தோல் தடித்து யானைத்தோல் மாதிரிக் கருத்துக் கிடந்ததைப் பார்த்துக் கருப்பி என்று பெயர் வைத்தேன், முடி வந்து பார்த்தால் பால் வெள்ளை, காது மட்டும் டீத்தூள் நிறம். பெயரை மாற்றச் சொன்னார் என் வீட்டுக்காரர். ஏன் மாற்ற வேண்டும்? அவள் எப்படி வந்தாள் என்று தெரிந்த பெயர் அது. வெள்ளை நாயைக் கருப்பி என்று கூப்பிட்டால் தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களுக்குக் காரணம் சொல்லும்போது எனக்கு மார்பு நிமிர்கிறது. மத்தி மீனை முள்ளோடு வேகவைத்து மசித்துப் போட்டவள் நான், முட்டை மஞ்சள் கருவை எனக்கு வைத்துக்கொள்ளாமல் அவளுக்கு வைத்தவள் நான், தினமும் காலையில் முடி போகிற போக்கிலேயே சீப்பை ஓட்டி உதிர்ந்ததை எடுத்தவள் நான். டாக்டரம்மாவின் மருந்து பாதி என்றால் மீதி என் கை. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

கை. கையைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முதல் தடவை நுரை போட்டபோது இந்த ஷாம்பு துணியை வெளுக்கும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல மெரூன் நிற ரவிக்கை, மணிக்கட்டு வரை முழுக்கை, காய்ந்த பிறகு பார்த்தால் கைப்பகுதியெல்லாம் வெளிறிப்போய்த் திட்டுத் திட்டாக. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே இருக்கிற தோல் எப்படியோ அப்படியே மேலே துணியும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்ட பிறகு ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொள்கிறேன். என் முழங்கை வெளியே வருகிற இடம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான். முழங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்த தடிப்பு, அதன் மேல் வெள்ளிச் செதில், சொறிந்தால் மாவு மாதிரி உதிரும். என் மகள் பிறந்த வருடம் வந்தது, அவளுக்கே கல்யாணமாகி இப்போது திருப்பூரில் இருக்கிறாள், இது மட்டும் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறது. சொரியாசிஸ், பூச்சி இல்லை, கிருமி இல்லை, பெயர் மட்டும் சொறியில் ஆரம்பிக்கிற மாதிரிக் காதில் விழும், அது போதாதா ஊருக்கு? காலை வெயில் கையில் படட்டும் என்று எப்போதோ ஒரு தோல் டாக்டர் சொன்னார். எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. காலை வெயில் விழுவது கீழே, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில், அங்கே உட்கார்ந்தால் நான்கு பக்கத்துப் பால்கனியும் என் மேல்தான். சித்திரை வெயிலிலும் முழுக்கைதான் போட்டேன். வேடிக்கை என்னவென்றால், அதைப் பார்த்து ஒவ்வொருத்தியாக, டைலரக்கா போட்டிருக்கற மாதிரி முழுக்கை வெச்சுக் குடுங்க என்று வந்து நின்றார்கள். நான் மறைக்கத் தைத்ததை ஃபேஷன் என்று எடுத்துக்கொண்டார்கள். தையல் அப்படி, மறைக்கிற கை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி தோளில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வாங்கிக்கொண்டு போனவர்களில் முதல் ஆள் கீழ்வீட்டு விசாலம். அவளுக்குத் தைத்த முழுக்கையைப் போல் நான் யாருக்கும் தைத்ததில்லை.

விசாலத்துக்கு ஒருவகையில் நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்ல மாட்டேன் என்பது வேறு. பண்டிகைக்கு ஒப்பிட்டு, போளி என்பார்களே அதைச் சுட்டுத் தட்டில் வைத்துத் துணி மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது என் முழுக்கை கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள், பார்த்த கண் அங்கேயே ஒரு கணம் நின்றது, எனக்கு அந்தக் கணம் போதும். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது வாசல் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் என் ஒப்பிட்டு, மடிப்புக் கலையாமல். நெய்யை மோந்து பார்த்துக்கொண்டு ஒரு நாய், நாய் என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும், ஒரு மயிர் இல்லை, கருத்துத் தடித்து வெடித்த தோல், கண்ணைச் சுற்றிப் புண். நான் பார்க்கப் பார்க்க அத்தனையையும் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. என் கைப்பக்குவத்தை ஒருவர் அப்படி ரசித்து எத்தனையோ வருடம். அப்போதும் நான் திரும்பியிருப்பேன். அது பின்னங்காலைத் தூக்கிச் சொறிய ஆரம்பித்தது. சரக், சரக், சரக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிறுத்த முடியாமல், ரத்தம் வருமென்று தெரிந்தும், அந்த ஒரு நொடிச் சுகத்துக்காக. போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று நான் மெல்ல எழுப்புகிற சத்தத்தை இது நடுத்தெருவில் ஊர் கேட்க எழுப்புகிறது. வா என்றேன். வந்தது. அவ்வளவுதான் நடந்தது. மாடிப்படி ஏறும்போதே அது நாயாக இல்லாமல் பெண்ணாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் நல்லவர், அதனால்தான் முதல் வாரமே அவளைக் கொல்லப் பார்த்தார். தான் வேலை பார்க்கிற பட்டறையிலிருந்து ஒரு டப்பா நிறையக் கழிவு ஆயில் கொண்டுவந்தார், மோட்டாரிலிருந்து வடித்தது, தார் மாதிரி. நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் தலையிலிருந்து வால் வரை பூசி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே பெருமையாக நிற்கிறார். "பாக்கியம், எங்கப்பன் காலத்துல மாட்டுக்கும் இதுதான், நாய்க்கும் இதுதான், பூச்சி மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்கிறார். பூச்சிக்கு மூச்சு முட்டியதோ இல்லையோ, கருப்பி அதை நக்கி நக்கி வாந்தியெடுத்து, மூலையில் கால் நான்கையும் நீட்டிப் படுத்துவிட்டாள். "அவ என்ன உங்க பட்டறை மோட்டாருங்களா, ஆயில் ஊத்தி ஓட்டறதுக்கு?" என்று நான் கத்தின கத்தில் மேல்வீட்டில் டிவியை அணைத்துவிட்டார்கள். அவருக்கு முகம் பொக்கென்று போய்விட்டது. அவரே ஆட்டோ பிடித்தார், அவரே பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கினார், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் சட்டையெல்லாம் ஆயில். இந்த ஊரில் பட்டறையில் வேலை செய்கிற அத்தனை பேரும் அத்தனை நாய்க்கும் இதைத்தான் செய்கிறார்கள் என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதுவும் ஒரு ஆறுதல்தான் அவருக்கு, தான் மட்டும் முட்டாளில்லை என்று. இப்போது இந்த வீட்டில் மத்தி மீன் வாங்கி வருவது அவர் வேலை, சீப்பில் வருகிற முடியை எடுத்துக் குப்பையில் போடுவது அவர் வேலை. இட்லி அடுப்பைப் பார்த்துக்கொள்வது கூட அவர்தான். ஏனுங்க, வாசம் வருதுங்களா? இன்னும் இல்லையா. சரி.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், பிளேடால் கருப்பியின் தோளில் ரத்தம் கசியும்வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிக் குழல் வழியாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, எல்லா நாய்த் தோல்லயும் கொஞ்சம் இருக்கறதுதான், உடம்பு பலவீனமானா பெருகிரும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது மனுசங்களுக்கு ஒட்டாது, நீங்க பயப்படாம தொடலாம்" என்றார். ஒட்டாது. எனக்குக் காதுக்குள் சூடாக ஏதோ இறங்கியது. யாரும் கேட்காமலே, பக்கத்தில் நாலு பேர் ஆடும் பூனையுமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், சத்தமாக, ஒட்டாது. இதை என் விஷயத்தில் யாரும் ஊர் கேட்கச் சொன்னதில்லை. எனக்குச் சொன்ன டாக்டர்கள் எல்லாம் எனக்கு மட்டும் சொன்னார்கள், எனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதற்கு? போன கூட்டத்துக்கு அடுத்த நாள் டாக்டரம்மாவிடம் போய் இப்படி இப்படி என்றேன். நான் வேண்டுமானால் ஒட்டாது என்று எழுதித் தருகிறேன், சங்கத்தில் காட்டுங்கள் என்றார். வேண்டாமுங்க என்றுவிட்டேன். என் நாய்க்கு எதற்குச் சிபாரிசுக் கடிதம்? அவள் தோலைப் பார்க்கட்டும், தடவட்டும், முடியைப் பிரித்துப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "ஏம்மிணி, எழுதித் தர்றன்னு சொன்னதை வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல?" என்றார். வாங்கியிருக்கலாமோ? இந்தக் காலை நேரத்தில், நுரை ஊறிக்கொண்டிருக்கும்போது, ஒரு தாள் கையில் இருந்தால் தேவலை என்றிருக்கிறது. இல்லை. வேண்டாம். வேண்டாம் என்று சொன்னது சரிதான்.

போன கூட்டத்தில் அங்குராஜ் கெட்டவராகப் பேசவில்லை, அதுதான் சிரமம். "நான் ஒண்ணும் நாய்க்கு விரோதியில்லீங்க. கொழந்தைங்க வெளையாடற எடம். சொறி ஒட்டிக்கிச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார். விசாலம், "ஆமாங்க, ஒட்டிக்கும், தொட்டாலே ஒட்டிக்கும், ஒரே காத்துல இருந்தாலே ஒட்டிக்கும்" என்றாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கையை உள்ளங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் நாயைச் சொல்கிறார்கள், என் உடம்பு முழுக்க அரிக்கிறது. வாயைத் திறந்தால் என்னைப் பற்றிப் பேச்சு வந்துவிடுமோ என்று ஒரு வார்த்தை பேசவில்லை நான். நான்! துணி கொடுத்துவிட்டு நாள் கடந்து வந்து கேட்கிறவர்களை வாயாலேயே வாசலுக்கு அனுப்புகிற நான். வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்து ஆத்திரத்தில் மிதித்தேன், எதைத் தைக்கிறேன் என்றே யோசிக்காமல், கையில் கிடைத்த பூப்போட்ட பருத்தித் துணியில், கழுத்து வைத்து, முதுகில் பட்டன் வைத்து, முன்னங்கால்களுக்குக் கை வைத்து, முழுக்கை. முடிந்த பிறகுதான் பார்த்தேன், நாய்க்குச் சட்டை. இன்னும் மெஷின் மேல்தான் கிடக்கிறது. அதை ஏன் தைத்தேன் என்று எனக்குத் தெரியும். கருப்பியின் முழங்கையில் மட்டும் முடி வரவில்லை. காசு அளவுக்குச் சாம்பல் நிறமாகச் சொரசொரத்துக் கிடக்கிறது. சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்துக் காய்த்துப்போனது, பெரிய நாய்களுக்கு எல்லாம் இருக்கும், சாக்கு மெத்தை போட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள் என்று டாக்டரம்மா அதற்கும் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிகிறது, அங்குராஜுக்குத் தெரியுமா? முழு உடம்பும் பால் மாதிரி மினுங்கும்போது கண் நேராக அந்த முழங்கைக்குத்தான் போகும். எனக்குத் தெரியாதா, கண் எங்கே போகும் என்று? சட்டையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அழகாக இருக்கும், பிள்ளைகள் கை தட்டும், டைலரக்கா நாய்க்கும் தெச்சுட்டாங்க என்பார்கள், முழங்கையை யாரும் பார்க்க மாட்டார்கள். பட்டன் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் ஒருமுறை போட்டால் அப்புறம் தினமும் போட வேண்டும். அது எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அரிக்கும்போது சட்டைக்கு மேலேதான் சொறிய வேண்டும். வெயில் படாது. சித்திரை வரும்.

வாசம் வந்துவிட்டது. ஏனுங்க, எறக்குங்க, ரெண்டாவது ஈட்டை ஊத்தி வைங்க. இந்தா கருப்பி, தண்ணி. வெதுவெதுப்பாகக் கலந்து வைத்த தண்ணீரைக் கழுத்திலிருந்து ஊற்ற ஊற்ற நுரை விலகி உள்ளே ரோஜா நிறத் தோல் தெரிகிறது, எங்கே போனது அந்த யானைத்தோல், யார் கொண்டுபோனார்கள்? அடிவயிற்றில், தொடை இடுக்கில், விரல் சந்துகளில் ஒரு துளி நுரை தங்கக் கூடாது, தங்கினால் அதுவே அரிப்பைக் கொண்டுவரும். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும், தேய்த்தால் முடி சிக்கும். சிக்கு விழுந்தால் அடியிலிருந்து இழுக்காமல் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். கதவைத் திறந்ததும் கூடம் முழுக்க உதறினாள் ஒரு உதறு, சுவர் காலண்டரில் பாதி நனைந்தது, என் வீட்டுக்காரர் இட்லித் தட்டோடு ஒதுங்கி நின்று சிரித்தார். சீப்பை எடுத்தேன். கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீள நீளமாக. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முடி படிந்த அழகைப் பார்த்தபோது இதை நான் செய்தேன் என்று யாரிடமாவது கூவிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மெஷின் மேல் கிடந்த சட்டையைக் கையில் எடுத்தேன். முன்னங்காலை நீட்டினாள், எதைச் செய்தாலும் சரி என்கிற முகம். அந்த முகம்தான் என்னைத் தடுத்தது. உனக்கு எதுக்குடி முழுக்கை, உனக்கு என்ன குறை? சட்டையைச் சுருட்டித் துணிக்கூடையில் எறிந்துவிட்டேன். "போடலையா?" என்றார் அவர். "என்ற நாய் எப்படி இருக்குதோ அப்படியே வரும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன், ராணி மாதிரி, இரண்டு பேருமே.

கீழே நாற்காலிகள் நிறைந்திருந்தன. "அட, இது அந்த நாயா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தபோது நான் தரையிலேயே இல்லை. அங்குராஜ் எழுந்து வந்தார். குனிந்து முதுகைத் தடவினார், கழுத்து முடியைப் பிரித்துப் பார்த்தார், மோந்து கூடப் பார்த்தார். கருப்பி அவர் செருப்பை ஒருமுறை நக்கிவிட்டு நின்றாள். பிறகு, நான் நினைத்த மாதிரியே, கண் கீழே இறங்கியது.

"இங்க முடியில்லீங்களே டைலரக்கா."

"அது சொறியில்லீங்க. தரையில படுத்துக் காய்ச்சுப்போனதுங்க. தொட்டுப் பாருங்க" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருப்பியின் முன்னங்காலைத் தூக்கி முழங்கையை வெயிலுக்குத் திருப்பிக் காட்டினேன். அவர் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கருப்பியின் முழங்கையை இல்லை. அந்த வெயில் என் கையில் சுள்ளென்று பட்டது. என் கையில் வெயில் எப்படிப் படும்? சுருட்டிய முழுக்கை முழங்கைக்கு மேலே அப்படியே இருந்தது. இறக்கிவிட மறந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் மறந்ததே இல்லை. செதில், சிவப்பு, எல்லாம் அத்தனை பேர் நடுவே, சாம்பல் நிற முழங்கைக்குப் பக்கத்தில் சிவந்த முழங்கை.

விசாலம்தான் கேட்டாள். "ஏனுங்க்கா, இது நாய்கிட்டருந்து ஒட்டிக்கிச்சுங்களா?"

நாற்காலிகள் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தன. துணியை இறக்கிவிட எனக்கு ஒரு நொடி போதும், விரல் அங்கே போயும்விட்டது. இறக்கிவிட்டு மாடிக்குப் போய்விடலாம், யாரும் இனிமேல் கேட்க மாட்டார்கள், நாய் கொடுத்த நோய் என்று முடித்துக்கொள்வார்கள், பாவம் டைலரக்கா என்பார்கள், வண்டி வரும். கருப்பி நான் பிடித்த காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் சுருட்டியிருந்த துணியை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றினேன்.

"இல்லீங்க. இது என்னுது. என்ற பொண்ணு பொறந்தப்ப வந்தது, கருப்பி அப்பப் பொறக்கவே இல்ல. யாருக்கும் ஒட்டாது. நீங்க போட்டிருக்கற ரவிக்கை இந்தக் கை தெச்சதுதானுங்க விசாலம், கழுத்துப்பட்டியிலிருந்து முழுக்கை வரைக்கும். உங்களுக்கு ஒட்டுச்சுங்களா?"

விசாலம் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை இறங்கியிருந்த அந்தத் தையலில் ஒரு சுருக்கம் இல்லை.

அங்குராஜைப் பார்த்தேன். "வண்டிக்குச் சொல்றதுன்னா எனக்கும் சேத்துச் சொல்லிப்போடுங்க."

சொல்லியாயிற்று. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு என் எதிரில் அவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் பிடித்திருந்த காலைத் தன் கையில் வாங்கினார். வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது, எடுத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரலால் அந்தக் காய்ப்பை இரண்டுமுறை தேய்த்தார். "காச்சுப்போனதுதானுங்க. எங்கூட்டு எருமைக்கும் இப்படி இருந்துச்சு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். "நாய் இருக்கட்டும். அடுத்து, தண்ணித்தொட்டி கழுவற விசயம்."

மாடிக்குத்தான் போயிருக்க வேண்டும். கால் சிமெண்ட் பெஞ்சுக்குப் போயிற்று. முதுகுக்கு நேராக வெயில், பெஞ்சு கூடச் சூடேறியிருந்தது. கருப்பியைக் காலடியில் உட்காரவைத்து, இடுப்பில் செருகியிருந்த சீப்பை எடுத்துக் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன், ஈரம் போகப் போக முடி ஒவ்வொன்றாக எழுந்து வெள்ளையாக விரிந்தது. பின்னால் தண்ணீர்த்தொட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு பக்கத்துப் பால்கனிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். என் கை அரிக்கவில்லை, அல்லது அரித்தது எனக்குத் தெரியவில்லை. எங்கள் பால்கனி மறுபக்கம் என்பதால் என் வீட்டுக்காரர் மாடிப்படி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து தலையைக் காட்டி, என்னையும் என் கையையும் பார்த்தார்.

"பாக்கியம், கடைசி ஈடும் வெந்துருச்சு, எறக்கட்டுமா?"

"எறக்கி வைங்க. நாங்க சித்த நேரம் வெயில்ல இருந்துட்டு வர்றம்."